வாணி விழாவுக்கு வைத்த புழுப்பெட்டி

அனுமதி பெற்று ஒரு வகுப்பறையைப் பாவிப்பவர்களிடமிருந்து அந்த அறையைத் திரும்பப் பெறுவதென்றால், காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் கதவைப் பூட்டலாம். கல்விச் சபையின் அனுமதிப் பத்திரத்தின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கச் சிரமமான எழுத்தில் இது அச்சிடப்பட்டிருந்தது. நான் வாசித்தேன். ஊரில் கல்வித் திணைக்களத்தில் ஓய்வு பெறும்வரை பத்திரங்களின் பின்பக்கத்தை வாசித்தே சம்பளம் வாங்கியவன். முன்பக்கத்தை எல்லோரும் வாசிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மகளோடு கனடாவில், பார்க்டேல் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை காலைகளில் தமிழ் வகுப்பு நடந்தது. அதன் பெற்றோர் குழுவுக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எனக்கு அங்கே பிள்ளையும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை. கூட்டத்தில் எழுந்து, போன கூட்டத்தின் அறிக்கை எங்கே என்று கேட்டதுதான் நான் செய்த ஒரே காரியம். கேட்டவன் எழுதட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வகுப்பை நடத்தியவர் ஊரில் இரசாயனவியல் படிப்பித்த ஆசிரியை. இங்கே வார நாட்களில் ஒரு தொழிற்சாலையில் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கினார். ஐந்து நாட்களும் அவர் வரிசையில் நிற்கும் ஒரு தொழிலாளி. சனிக்கிழமை காலை மட்டும்தான் ரீச்சர். அந்தக் காலைகளை அவர் எவ்வளவு பெரிதாக நினைத்தார் என்பது அவருடைய சேலையின் மடிப்பிலேயே தெரியும்.

நான் முதன்முறை வகுப்பைப் பார்க்கப் போனபோது ஒருவரும் புத்தகம் திறந்திருக்கவில்லை. மேசைகளில் ஊதாக் கோவா இலைகளை அவித்த தண்ணீர் இருந்தது. பிள்ளைகள் வாவித் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், வினாகிரி என்று ஒவ்வொன்றாக அதற்குள் ஊற்றி, நிறம் மாறுவதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மூலையில் வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலுக்குள் மணலும் கரியும் பஞ்சும் அடுக்கி, சேற்றுத் தண்ணீரை வடித்தார்கள்.

"ரீச்சர், தமிழ் வகுப்பிலை உது எங்கை வருது?" என்று கேட்டேன்.

"சேர், கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்கோ."

கேட்டேன். "ஊத்தாதை! ஊத்தாதை எண்டெல்லே சொன்னனான்!" "தா இஞ்சை, நீ ஸ்லோ!" "ரீச்சர், இவன் என்ரை கரியை எடுத்திட்டான்!" என்று சண்டை நடந்தது.

"வாசிப்புப் பாடத்திலை வாய் திறக்காத பிள்ளையள், சேர். கையிலை ஊத்தை பட்டாத்தான் தமிழ் வருது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அதனாலேயே சந்தேகம் வந்தது. நியாயமாகப் படும் ஒரு காரியத்துக்கு எழுத்தில் அனுமதி இருக்காது என்பது என் நீண்ட அனுபவம். வடித்த தண்ணீரை ஒரு பிள்ளை குடித்தால் யார் பொறுப்பு, கோவாத் தண்ணீர் கம்பளத்தில் ஊற்றுண்டால் யார் துடைப்பது என்று கேட்டு வைத்தேன். ரீச்சர் சிரித்தார். சிரிப்பை அறிக்கையில் பதிய முடியாது.

அந்த அறை வார நாட்களில் ஒரு கனடியப் பெண் ஆசிரியரின் அறை. அவர் தன் மாணவர்களுக்காக ஜன்னலோரம் ஒரு புழுப்பெட்டி வைத்திருந்தார். மூடியில் துளை போட்ட பிளாஸ்ரிக் பெட்டி. உள்ளே கிழித்து நனைத்த பத்திரிகைக் கடதாசி, அதற்குள் சிவப்புப் புழுக்கள். வாழைப்பழத் தோலும் தேயிலைச் சக்கையும் போட்டால் சில மாதங்களில் கறுப்பு மண்ணாகிவிடும். எங்கள் பிள்ளைகளும் அதைப் பார்க்கலாம், தோல் போடலாம் என்று அந்த ஆசிரியர் ரீச்சரிடம் சொல்லியிருந்தாராம். வாயால் சொல்லியிருந்தார். நான் எழுதி வாங்கச் சொன்னேன். "புழுவுக்கோ சேர், கடிதம்?" என்றார் ரீச்சர்.

ஒக்ரோபரில் வாணி விழா வந்தது. ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. படிப்புக்கு உதவும் சாமான்களைச் சரஸ்வதியின் முன் அடுக்கி, பொட்டு வைத்து, பூசை முடிந்ததும் மறுநாள் வரை தொடாமல் விடுவது முறை. அன்று சனிக்கிழமை. புகை கண்டால் அலறும் கருவி கூரையில் இருந்ததால் கற்பூரம் கொளுத்த வழியில்லை. விளக்கு பற்றரியில் எரிந்தது. பிள்ளைகள் தங்கள் புத்தகங்களை வைத்தார்கள். பிறகு வெப்பமானி வந்தது, வடிகட்டும் போத்தல் வந்தது, கோவாத் தண்ணீர் போத்தல் வந்தது. கடைசியில் இரண்டு பிள்ளைகள் புழுப்பெட்டியைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். இதிலும்தானே படிக்கிறோம் என்பது அவர்கள் நியாயம். எந்தப் பெற்றோருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. பெட்டியின் நாலு பக்கமும் சந்தனமும் குங்குமமும் ஏறின, உள்ளே ஒரு செவ்வரத்தம்பூவும் போனது.

தேவாரம் முடிந்து அவலும் கடலையும் கொடுக்கும்போது ஒரு சின்னப் பெண், "புழுவுக்கு இல்லையா அன்ரி?" என்று கேட்டாள்.

கடலை அவித்து வந்த தாய் கொஞ்சம் யோசித்தார். "பூசையிலை வைச்சிட்டுக் குடுக்காமல் விடக்கூடாது. கொஞ்சம் போடம்மா," என்றார்.

அவள் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவனும் போட்டான். பிறகு வரிசையே நின்றது. உப்பும் செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் சேர்த்துத் தாளித்த நல்ல கடலை, நானே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு பெட்டியை மூடி, மேலே ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்தி, விளிம்புகளைக் கீழே செருகினார்கள். மறுநாள் விஜயதசமி. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமை, கதவு திறக்காது. ஆகவே பட்டு அப்படியே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அறைக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. வகுப்பறைப் பொருட்களுக்குச் சேதம் ஏற்பட்டதால் சனிக்கிழமைக் குழு இந்த அறையைப் பாவிப்பது மறு அறிவித்தல் வரை நிறுத்தப்படுகிறது என்று இருந்தது. தட்டச்சில் அடித்திருந்தார்கள். திகதி இல்லை. கையொப்பம் இல்லை. பள்ளிக்கூடத்தின் கட்டட வேலைகளைப் பார்ப்பவர் ஒரு போர்த்துக்கேயர். போர்த்துக்கேயர் கையில் கதவுத் திறப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதை, ஒருகாலம் அவர்களிடம் அரசையே பறிகொடுத்த யாழ்ப்பாணத்தவனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அவர் மூக்கைப் பொத்திக் காட்டி, புழு எல்லாம் செத்துவிட்டது, ஒரே நாற்றம், உதவி அதிபர் கடதாசியைத் தந்தார், நான் ஒட்டினேன் என்றார். எங்கள் சால்வையை ஒரு பிளாஸ்ரிக் பையில் கட்டித் திருப்பித் தந்தார்.

ரீச்சர் நடைபாதையில் சுவரோடு சாய்ந்து நின்றார். பிள்ளைகள் ஜக்கெற்றைக் கழற்றாமல் எங்களைப் பார்த்தார்கள்.

"நாங்கள்தான் சாகடிச்சிட்டம் போல, சேர்," என்றார்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ. கையெழுத்தில்லாத கடதாசி அது. நான் எழுதுறன்."

எழுதினேன். அறையைத் திரும்பப் பெறும் முடிவை எடுத்தது யார், எந்தத் திகதியில், எந்த விதியின் கீழ் என்று கல்விச் சபையின் அனுமதிப் பிரிவைக் கேட்டேன். பிரதிகள் அதிபருக்கும் உதவி அதிபருக்கும் போயின. பதில் வரவில்லை. நத்தார் பண்டிகைக்கு முன் ஒரு நினைவூட்டல், தைப்பொங்கலுக்குப் பின் இன்னொன்று. திணைக்களத்தில் இருந்தபோது நினைவூட்டல்களை நானே எப்படிக் கையாண்டேன் என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே அந்த மூன்றாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இதற்கிடையில் நான் சும்மா இருக்கவில்லை. பார்க்கப் போனால் எல்லோர் மேலும் சந்தேகப்பட இடம் இருந்தது. வாணி விழா அன்று காலை நான் அறைக்குள் போனபோதே பெட்டியிலிருந்து புளித்த மணம் வந்ததாக எனக்கு ஒரு நினைவு. அந்தப் பகல் ஆசிரியரின் பிள்ளைகள் தோடம்பழத் தோலை அளவில்லாமல் கொட்டியிருக்கலாம். புழு வெள்ளிக்கிழமையே செத்திருக்கலாம். செத்ததை எங்கள் தலையில் கட்டியிருக்கலாம். சனிக்கிழமைகளில் தரை துடைக்க விருப்பமில்லாத போர்த்துக்கேயர் இருந்தார். அதே அறைக்கு முன்பு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போன நடன வகுப்புக்காரர் இருந்தார்கள். கடலை அவித்த தாயையும் நான் விடவில்லை.

"எவ்வளவு உப்புப் போட்டனீங்கள்?"

"என்ன அங்கிள், பொலிஸ் மாதிரிக் கேக்கிறியள்? நீங்களும் சாப்பிட்டனீங்கள்தானே. உப்புக் கூடவெண்டு அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

பெட்டியின் மூடியில் அந்த ஆசிரியர் ஒட்டியிருந்த அறிவுறுத்தலையும் நான் முன்பே வாசித்திருந்தேன். இறைச்சி போடாதே, பால் போடாதே, எண்ணெய் போடாதே என்று இருந்தது. உப்பு என்ற சொல் அதில் இல்லை. எங்கள் தரப்பின் பலமான வாதமாக அதைக் குறித்து வைத்தேன். தாளித்த எண்ணெயைப் பற்றி எதிர்த்தரப்பு கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

வகுப்பு எங்கள் மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் மண்டபத்துக்கு மாறியது. பிறந்தநாள் விழாவுக்கு வாடகைக்கு விடும் இடம். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் உறுமும். மண், தண்ணீர், சாயம் ஒன்றும் கொண்டுவரக் கூடாது என்பது கட்டட மேலாளரின் நிபந்தனை. ஆகவே கோவாத் தண்ணீரும் வடிகட்டியும் போய், மீண்டும் பாடப்புத்தகம் வந்தது. ஒருவர் பின் ஒருவராக வாசித்தார்கள். வாசிக்காதவர்கள் சுவருக்கு அப்பால் சுற்றும் உடுப்புகளின் சத்தத்தைக் கேட்டார்கள். மாசி மாதத்துக்குள் கதிரைகள் காலியாகத் தொடங்கின. இரண்டு குடும்பங்கள் வீடு வாங்கித் தூரத்து நகரமான அஜக்ஸுக்குப் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு வராமல் விட்டார்கள்.

இதில் ஒரு ஆபத்து இருந்தது. பிள்ளைகளின் தொகை குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போனால் செப்ரெம்பரில் வகுப்பு இல்லை. அதுவும் விதிதான். இதை ரீச்சரிடம் சொன்னவன் நானே. அதன் பிறகு அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வரவு இடாப்பில் பெயர் கூப்பிடும் முன் கண்ணாலேயே தலைகளை எண்ணுவதைக் கண்டேன்.

"வகுப்பு நிண்டால் நான் அந்தப் போத்தலுகளோடைதான் சேர், கடைசிமட்டும்," என்றார் ஒரு நாள்.

பனி கரைந்ததும் ஒரு சனிக்கிழமை அவர் மூன்று கண்ணாடிப் போத்தல்களோடு வந்தார். வாவிக்கரைப் பக்கம் ஒரு கடையில், மீன்பிடிகாரருக்காகப் பால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குளிரூட்டியில் வைத்து விற்கும் சிவப்புப் புழுக்களை வாங்கியிருந்தார். நனைத்த கடதாசி, அதே பத்திரிகை. ஒன்றுக்குள் தோடம்பழத் தோல். இன்னொன்றுக்குள் சந்தனமும் குங்குமமும் பூவும். மூன்றாவதற்குள் அதே தாய், அதே கைப்பக்குவத்தில் அவித்த கடலை.

நான் அவரை மண்டபத்துக்கு வெளியே கூப்பிட்டேன்.

"ரீச்சர், விசாரணை முடியாமல் கிடக்கு. நாங்களே சாட்சியம் தயாரிக்கக் கூடாது. அதுவும் எங்களுக்கு எதிராய்."

"எங்களுக்கு எதிராய் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், சேர்?"

"எனக்குத் தெரியாது. அதாலைதான் செய்யவேண்டாம் எண்டிறன்."

"பிள்ளையள் ஒக்ரோபரிலையிருந்து கேட்டுக்கொண்டிருக்குதுகள், புழு ஏன் செத்தது எண்டு. நான் சயன்ஸ் ரீச்சர். கடிதம் எழுதியிருக்கிறம், பதில் வரும் எண்டோ சொல்லுறது?"

கட்டட மேலாளர் கண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "மூடி இருக்கு சேர். நீங்கள் சொல்லாட்டி அவருக்குத் தெரியாது," என்றுவிட்டு உள்ளே போனார். அந்த வாரம் முழுவதும் போத்தல்கள் ரீச்சரின் சமையலறையில் இருந்தன. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். வழக்கமாக வராத இருவரும் வந்திருந்தார்கள். செய்தி எப்படியோ பரவியிருந்தது.

சந்தனப் போத்தலில் புழுக்கள் கடதாசிக்குள் நெளிந்துகொண்டிருந்தன. தோடம்பழப் போத்தலில் அவை கண்ணாடிச் சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டு நின்றன. தோலை அவற்றுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உயிர் இருந்தது. மூன்றாவது போத்தலைத் திறந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகப் பின்னால் போனார்கள்.

"ஈஈ, ரீச்சர், எல்லாம் தண்ணியாய்ப் போச்சு!"

"அப்ப அது கடலைதான்," என்றான் ஒருவன். "அன்ரி, யூ கில்ட் தெம்!"

"நானோ? நீதானே ரெண்டு பிடி போட்டனீ!" என்றார் கடலை அன்ரி. கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு மண்டபம் முழுவதும் தமிழில் சண்டை நடந்தது. உப்பு ஏன் புழுவைக் கொல்லும் என்று ரீச்சர் ஒரு வெள்ளரிக்காய்த் துண்டில் உப்பைத் தூவி, தண்ணீர் கசிவதைக் காட்டினார். புழுவின் தோலும் இப்படித்தான் தண்ணீரை விட்டுவிடும் என்றார்.

அன்று முடிவில் என்னிடம் வந்தார். "நாங்கள்தான் சேர். நான் போய்ச் சொல்லப் போறன்."

முறைப்பாடு செய்தவரை எதிர்த்தரப்பு தனியே சந்திப்பது எந்த விசாரணையிலும் இல்லாத வழக்கம் என்றேன். சந்தித்தால் நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் வீண் என்றேன். எனக்கு அந்தப் பகல் ஆசிரியர் மேல் இருந்த சந்தேகம் போத்தலால் தீரவில்லை. கடலை புழுவைக் கொல்லும் என்பது நிரூபணமாகிவிட்டது, சரி. அந்தப் புழுக்களைக் கொன்றது கடலைதான் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. இதை விளக்கினேன். ரீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வேலைக்குச் சுகமில்லை என்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, புதிதாக வாங்கிய ஒரு டப்பா புழுவோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பேசுவதை யாராவது குறித்துக்கொள்ள வேண்டுமே என்று நானும் போனேன்.

அந்த ஆசிரியர் இளவயதுக்காரர், கை முழுவதும் சோக்குத் தூள். ரீச்சர் தன் ஆங்கிலத்தில் மெதுவாக, பூசையிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஆசிரியர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு பின்சுவருக்குப் போனார். அங்கே அவருடைய மாணவர்கள் செய்த ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. செத்த பெட்டியைக் கொட்டி, உள்ளே கிடந்ததை எல்லாம் பிரித்து, படம் வரைந்து பெயர் எழுதியிருந்தார்கள். நடுவில் ஊதிப் பெருத்த கடலைகள். பக்கத்தில் ஒரு செவ்வரத்தம்பூ, கேள்விக்குறியோடு.

வருடத்தின் மிக நல்ல பாடம் அதுதான் என்றார். தான் யாரிடமும் முறைப்பாடு செய்யவில்லை, ஆசிரியர் அறையில் கதையாகச் சொன்னதுதான் என்றார். நாற்றத்தைப் பற்றி உதவி அதிபர்தான் கோபப்பட்டாராம். பிறகு, நீங்கள் ஏன் வருவதை நிறுத்தினீர்கள் என்று ரீச்சரிடம் கேட்டார்.

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் என் பையைப் பார்த்தேன். அதற்குள் கடிதப் பிரதிகள் இருந்தன.

அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமையே வரலாம் என்று ரீச்சர் நினைத்தார். நான் நினைக்கவில்லை. நான் சந்தேகப்பட்டபடியே நடந்தது. போர்த்துக்கேயர் கதவைத் திறக்க மறுத்தார். பூட்டச் சொல்லித் தன்னிடம் ஒரு கடதாசி இருக்கிறது, திறக்கச் சொல்லி இல்லை என்றார். அந்த மனிதர் மேல் அன்றுதான் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது. கடதாசியைத் தந்த உதவி அதிபரோ நத்தாரோடு வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், இது தன் காலத்து விடயம் அல்ல, கல்விச் சபையைக் கேளுங்கள் என்றார். கல்விச் சபையைத்தான் நவம்பரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது கடிதத்தை எழுதினேன். இந்த முறை நான் கேட்டது ஒன்றுதான்: செப்ரெம்பரில் இந்த ஆசிரியைக்கு வகுப்பு உண்டா, இல்லையா?

வைகாசி முழுவதும் ரீச்சர் தலைகளை எண்ணினார். போத்தல் சோதனைக்குப் பிறகு சிலர் திரும்பி வந்திருந்தார்கள். ஆனாலும் தொகை காணாது. எனக்கும் கணக்குத் தெரியும். கடைசி வகுப்பு அன்று அவர் தன் வெப்பமானியையும் புனல்களையும் கழுவித் துடைத்து ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினார். திரும்ப அவிழ்க்க நினைப்பவர் போடும் முடிச்சாக அது இருக்கவில்லை.

கடிதம் என் முகவரிக்கு வந்தது. நான் அதைத் திறக்காமல் லிஃப்ரில் ஏறி, அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த ரீச்சரின் வீட்டுக்குப் போனேன். அவர் வேலை முடிந்து வந்த உடுப்போடு கதவைத் திறந்தார். நின்றபடியே வாசித்தேன்.

தங்கள் பதிவேட்டில் அந்த அறை ஒருபோதும் திரும்பப் பெறப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒட்டிய கடதாசி ஒன்றைப் பற்றித் தங்களுக்கு எதுவும் தெரியாது. ஆண்டு முழுவதும் எல்லாச் சனிக்கிழமைகளிலும் அறை எங்கள் வகுப்பின் பெயரிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. வேறு எவருக்கும் கொடுக்கப்படவில்லை. மாணவர் தொகை ஒக்ரோபர் மாத இடாப்பின்படியே கணிக்கப்படுவதால், அது போதுமானது. அதே ஆசிரியையோடு, அதே அறையில், செப்ரெம்பரில் வகுப்பு தொடரும். தங்கள் தொடர்ந்த சேவைக்கு நன்றி.

எண்ணிக்கை விதி எனக்கு மனப்பாடம். எந்த மாதத்து இடாப்பு என்பது அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. இதை ரீச்சரிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

"அப்ப பனி முழுக்க நாங்கள் அங்கதான் இருந்தனாங்களோ, சேர்?"

"அவையின்ரை கணக்கிலை, ஓம்."

"ஒருத்தரும் காணேல்லை."

"காணாதபடியாத்தான் வகுப்பு தப்பினது."

அவர் கடிதத்தை வாங்கி, தன் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி வாசித்தார். இதிலும் ஏதாவது இருக்குமோ என்று கேட்டார். என்னோடு பழகியதால் வந்த கேள்வி அது. கையொப்பம் இருக்கிறது, திகதி இருக்கிறது என்று காட்டினேன். எழுதிய திகதிக்கும் தபால் முத்திரைக்கும் இடையில் இரண்டு கிழமை எங்கே போனது என்பதை மட்டும் நான் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

பதில் என் கைக்குக் கிடைத்தது, பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடிய அன்று, அந்த ஆண்டு ஜூன் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.